இருபத்து மூன்றாம் எண்

என் கண்ணுக்கு இப்போது தெரிவது டீ டம்ளரின் வாய் அளவுதான். அதற்குள் விழுவது துல்லியமாகத் தெரியும். கொடுத்தால் ஊசியில் நூல்கூடக் கோர்ப்பேன். அதற்கு வெளியே இருப்பது எனக்கு இல்லவே இல்லை. விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கெட்டுக்கொண்டே வருகிற வியாதி. முதலில் அந்தி சாய்ந்தால் தடுமாறினேன். பிறகு பக்கவாட்டில் வரும் ஆட்டோக்கள் காணாமல் போயின. அப்புறம், செங்கம் சாலை லாட்ஜில் பன்னிரண்டு வருடம் பார்த்த வேலை போனது. போனது என்ன, நானே விட்டேன். ரூமைக் காலி செய்பவர் நீட்டிய சாவியை வாங்காமல் நான் பாட்டுக்குக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? இப்போது அதே லாட்ஜுக்கு வரும் மெயில்களுக்கு வீட்டிலிருந்து பதில் போடுகிறேன்.

கம்ப்யூட்டரில் என்னை முதலில் கைவிட்டது மவுஸ். திரையில் ஓடும் அந்தக் குட்டி அம்பு எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். கண்டுபிடித்துக் கொண்டுபோய் ஒரு பொத்தான்மேல் நிறுத்தினால், நடுவில் ஏதாவது விளம்பரம் குதித்துப் பொத்தானைக் கீழே தள்ளிவிடும். ஒருநாள் ஆத்திரத்தில் மவுஸைச் சுவரில் அடித்தேன். மறுநாள்தான் எழுத்து மட்டுமே காட்டும் பிரவுசர் ஒன்றைப் பற்றித் தெரிந்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

அதில் படம் கிடையாது. வண்ணம் கிடையாது. கறுப்புத் திரையில் பெரிய வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். படம் இருக்க வேண்டிய இடத்தில் 'படம்' என்று ஒரு சொல் மட்டும் நிற்கும். கீழ் அம்பை அழுத்தினால் அடுத்த லிங்க்; வலது அம்பை அழுத்தினால் உள்ளே போகலாம்; இடது அம்பு திரும்பக் கொண்டுவந்து விடும். அதைவிட வசதி, வலைப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்க்குக்கும் பெட்டிக்கும் மேலிருந்து கீழாக ஓர் எண் போட்டிருக்கும். எண்ணைத் தட்டி எண்டரை அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். தேட வேண்டாம், பார்க்கவே வேண்டாம்.

தமிழ்தான் அதில் சரியாக வராது. கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிய்ந்து கிடக்கும். அந்த எழுத்தைக் கூட்டிப் படித்து மண்டை காய்வதைவிட எண்ணை மனப்பாடம் செய்வது சுலபமாக இருந்தது. மின் கட்டணத்துக்குப் பதினொன்று. லாட்ஜ் மெயிலுக்கு நான்கு. பஸ் டிக்கெட்டுக்கு ஒன்பது, பிறகு பதினான்கு. ஆறு மாதத்தில் நான் படிப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டேன். யாராவது வீட்டுக்கு வந்தால் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, திரையைப் பார்க்காமலேயே பக்கம் பக்கமாகப் போய்க் காட்டுவேன். வித்தை காட்டுகிற பெருமை. இருந்த எல்லாம் போன பிறகு கையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

என் மனைவி செவிலியர். ஆறு வருடமாகத் தெற்கே கடலோர மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. பஸ்ஸில் பத்து மணி நேரம். மாதம் ஒருமுறை வருவாள். வந்தால் ஒன்றரை நாள் இருப்பாள். அதில் பாதியைத் துணி துவைத்தும் எனக்குப் பொடி அரைத்து வைத்தும் கழிப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இடமாறுதலுக்கு ஒவ்வொரு வருடமும் ஆன்லைனில் மனுப் போடுவோம். ஒவ்வொரு வருடமும் அவளுக்கு முன்னால் நாலு பேர் இருப்பார்கள்.

போன வருடம் கண் டாக்டர் சொன்னார், இப்போது இருக்கிற பார்வை இன்னும் ஒரு வருடம் நிற்கலாம், மிஞ்சினால் ஒன்றரை. அதுவரை முகம் தெரியுமா என்று கேட்டேன். சீட்டில் எதையோ எழுதினார். வெளியே வந்து மனைவியிடம் போனில் சொன்னேன். "அந்த ஒரு வருஷம் நா அங்க இருக்கணும்ங்க," என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவள் முகம் எனக்குத் தெரிகிற வரைக்கும் அவள் வீட்டில் இருக்க வேண்டும்.

அந்த வருடம் பார்த்துக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் இடம் காலியானது. இங்கிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அதைவிட அதிசயம், இந்த முறை அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. மனுவை உறுதி செய்துவிட்டால் இடம் அவளுக்குத்தான் என்று அவளோடு வேலை பார்க்கிற எல்லோரும் சொன்னார்கள். அவள் பேச்சில் கல்யாணமான புதிதில் இருந்த ஒரு துள்ளல் திரும்ப வந்தது. வீட்டுக்குப் புது மிக்சி வாங்க வேண்டும் என்றாள். பின்பக்கத்து விளக்கை மாற்றச் சொன்னாள்.

"இந்த வாட்டி பிரவுசிங் சென்டர் பாய் கிட்ட குடுத்துடுங்க. அவரு போட்டுடுவாரு," என்றாள்.

தெருமுனையில் சென்டர் வைத்திருக்கும் பாய் நல்ல மனிதர், என் சிநேகிதர். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கண்ணு போனா கையும் போயிடுச்சா? வருஷா வருஷம் யாரு போட்டது?" என்று கத்தினேன். "சரிங்க, நீங்களே போடுங்க," என்று அவள் அதோடு விட்டுவிட்டாள். அந்தத் தளத்தின் பாஸ்வேர்டை வைத்தது நான். அவளுக்கு அது தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு வருவது ஓடிபி மட்டும்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆறு இலக்கம் அவள் போனுக்குப் போகும், அவள் எனக்குப் படித்துச் சொல்வாள்.

அந்தத் தளம் பழைய காலத்தில் செய்தது. அதனால்தான் என் பிரவுசரில் அது திறந்தது. புதுத் தளங்கள் பாதி திறக்காது. மனுவை நிரப்பிச் சேமித்து வைத்துவிட்டேன். அவளுடைய பணிச் சான்றின் எண் மட்டும் பாக்கி. அது வருவதற்குள் மூன்று நாள் மாலையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஒத்திகை பார்த்தேன். பத்தொன்பது, சான்று எண். இருபத்து இரண்டு, மனுவைத் திரும்பப் பெறு. இருபத்து மூன்று, மனுவை உறுதி செய். ஆக்குவதையும் அழிப்பதையும் இப்படி அடுத்தடுத்து வைத்த புண்ணியவான் யாரோ என்று திட்டிக்கொண்டே அந்த எண்களை விரலில் ஏற்றினேன்.

சான்று கையில் வந்தது கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் மத்தியானமே ஊருக்குள் இறங்கிவிட்டது. பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் போன் நெட்வொர்க் படுத்துவிடும். மூன்றரை மணி வாக்கில் பாய் கடையிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

"என் கடைல ஒரு பேஜும் ஓப்பன் ஆவலீங்க, சுத்திக்கினே கீது. உங்களுது எப்படி?"

"நம்மளுது ஒரு செகண்டுல வந்துடும் பாய். படம் இல்ல, பாரம் கம்மி."

"வேணும்னா நா ஒரு தபா பக்கத்துல ஒக்காந்து படிச்சுச் சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அவளுக்குப் போன் போட்டேன். நாலாவது முறை லைன் கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். தளம் சொன்னபடி ஒரு செகண்டில் வந்தது. முதல் ஓடிபியைச் சொன்னாள், உள்ளே போனேன். மனுப் பக்கம் வந்தது. சான்று எண்ணுக்குப் பத்தொன்பது தட்டினேன். கர்சர் வேறு பெட்டியில் போய் நின்றது. ஏதோ விரல் தவறியிருக்கும் என்று ஓர் அம்பு கீழே தள்ளி, சரியான பெட்டியில் நிரப்பினேன். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். ஒரு வரி மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் லைன் அறுந்துவிடுமோ என்ற அவசரம். தவிர, அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கை தடதடவென்று கீபோர்டில் ஓடுகிற சத்தம் அவள் காதில் விழ வேண்டும் என்று எனக்கு ஆசை.

இருபத்து மூன்று தட்டி எண்டரை அழுத்தினேன். ஓடிபி கேட்டது. அவள் ஆறு இலக்கத்தையும் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். தட்டினேன். நிச்சயமா என்று ஒரு பக்கம் கேட்டது. நிச்சயமில்லாமல் என்ன என்று எண்டரை அழுத்தினேன்.

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரிதான். அதைக் கூட்டிப் படித்தேன். மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் படித்தேன். உங்கள் மனு திரும்பப் பெறப்பட்டது.

இடது அம்பை அழுத்திப் பின்னால் போய்ப் பார்த்தேன். பக்கத்தின் உச்சியில் அன்றைக்குப் புதிதாக ஓர் அறிவிப்பு லிங்க் சேர்த்திருந்தார்கள். கடைசி நாள் இன்று என்பதுதான் அந்த அறிவிப்பு. அது ஒன்றாம் எண்ணாகிவிட்டதால் மற்ற எல்லாம் ஒவ்வோர் எண் தள்ளிப் போயிருந்தன. கண் தெரிகிறவன் எவனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவன் பொத்தானைப் பார்ப்பான், படிப்பான், அழுத்துவான்.

"ஆச்சாங்க?" என்றாள்.

"ஆச்சு," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. வாய் தானாகச் சொன்னது. "அப்பாடா," என்று அவள் மூச்சு விட்டது கேட்டது. "சாப்டுங்க, வெக்கிறேன்," என்று வைத்துவிட்டாள்.

மணி நாலுகூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அழிந்த மனுவைப் புதிதாக நிரப்பப் பதினைந்து நிமிடம் போதும், தளம் அதை அனுமதித்தது. தேவை இன்னோர் ஓடிபி. மனு அழிந்ததும் தளம் என்னை வெளியே தள்ளியிருந்தது; உள்நுழையும் பக்கத்தைத் திறந்தேன். ஓடிபி அனுப்பு என்பது ஆறாம் எண். இந்தமுறை படித்தே பார்த்துக்கொண்டேன். ஆறைத் தட்டினேன். எண்டரை அழுத்தினால் அவள் போன் அடிக்கும், எதற்கு என்று கேட்பாள். அழித்தேன். மறுபடி தட்டினேன். அழித்தேன். சைட் தொங்கிவிட்டது, இன்னொரு தடவை சொல்லு என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலே போதும். ஆச்சு என்று அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்ன வாய்க்கு இந்தச் சின்னப் பொய் வரவில்லை. குருட்டுப் பயல் கெடுத்துவிட்டான் என்று அவள் நினைத்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் அப்படி நினைக்கிறவள் இல்லை என்று தெரிந்தும் பயந்தேன். தெருவில் கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் மூடிக்கொண்டது.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் அவள் தினமும் போன் செய்தாள். மாத்திரை போட்டீங்களா, கேஸ் வந்துச்சா என்றாள். இடமாறுதலைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆர்டர் கைக்கு வருமுன் பேசினால் கெட்டுவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என நினைத்து, நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள் பட்டியல் வந்தது. கீழ்பென்னாத்தூர் வேறு ஒருவருக்குப் போனது. அந்த ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

காபி போட்டு எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் அதற்குமேல் தாங்காமல் சொன்னேன்.

"நாந்தான் கெடுத்தேன். நம்பர் மாறிடுச்சு. கேன்சல அழுத்திட்டேன்."

"தெரியும்ங்க," என்றாள்.

"எப்ப?"

"அன்னைக்கே. போன வெச்ச ஒடனே மெசேஜ் வந்துச்சு, மனு வாபஸ்னு."

"அப்பவே எனக்குப் போன் பண்ணியிருக்கலாம் இல்ல? டைம் இருந்துச்சே," என்று அவள்மேலேயே பாய்ந்தேன். வெட்கம் கெட்டவன்.

அவள் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"நா சொன்னா உங்களுக்கு மனசு ஒடஞ்சிடும்னு நெனச்சேன். நீங்களே கண்டுபுடிச்சு திரும்பப் போடுவீங்க, எப்படியும் ஓடிபி கேப்பீங்கன்னு, அஞ்சு மணி வரைக்கும் டியூட்டி ரூம்ல போன கையிலயே வெச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்."

காலை வெயில் நேராக அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டடி தூரம்தான். நிமிர்ந்தால் அவள் முகம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.