ஊரே பஸ் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

கடைத்தெருவில் அவளுக்கு மைக் என்றுதான் பெயர். தையற்கடைக்காரி என்றால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. மைக் அக்கா கடை எது என்று கேட்டால், "அதோ கேக்குதே, அதான்" என்று கை காட்டிவிடுவார்கள். தையல் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். பிறந்த அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடிவந்து, "யாருக்கு அடிபட்டுது?" என்று கேட்டாராம்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்தவன் ஓர் ஊமைக்கோட்டான். அவளுக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். இரண்டு கடைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. காலையிலும் சாயங்காலமும் அதன் வழியாக ஒரு கை நீளும், கையில் டீ டம்ளர் இருக்கும். "சர்க்கரை பத்தல!" என்று இவள் கத்துவாள். கை உள்ளே போய்ச் சர்க்கரையோடு திரும்பி வரும். குடித்தனம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன புறவழிச்சாலை வந்து தொலைந்தது. ஊருக்குள் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பஸ்களெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டு பறக்க ஆரம்பித்தன. பஸ்ஸில் வருகிறவர்கள்தான் கடைத்தெருவுக்குச் சோறு போட்டவர்கள். அவர்கள் போனதும் முதலில் செருப்புக் கடை மூடியது, பிறகு பாத்திரக் கடை மூடியது. சாப்பாட்டுக் கடைக்காரன் வடித்த சோறு ஆறுவதைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஷட்டரை இறக்கிவிட்டு, நகரத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்குச் சமைக்கக் கிளம்பினான்.

"பஸ்ஸு நின்னா வந்துடறேன்" என்றான். அவன் அளவுக்கு அது பெரிய சொற்பொழிவு.

இவள் அந்த ஜன்னலைக் காலண்டர் மாட்டி மூடினாள். கேட்டவர்களிடம் காற்று அடிக்கிறது என்றாள். காற்றாவது மண்ணாவது! அந்த ஓட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது, அதுதான் விஷயம்.

சில வருஷங்கள் இப்படியே ஓடின. போன வருஷம் ஒரு நாள் அவன் போன் செய்தான்.

"கேன்டீன்ல கேக்கறாங்க. இன்னும் அஞ்சு வருஷத்துக்கு இருக்கறதா ஒப்புக்கணுமாம். அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொல்லு."

வந்து தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வந்து எதை விற்பான், யாருக்கு விற்பான்? ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவா கூப்பிடுவது? "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தாள். அன்றைக்குத் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்தில் வந்தது.

மறுநாள் காலையில் கடைத்தெருக் கூட்டம் கூட்டினாள். கூட்டினாள் என்றால் வேறொன்றுமில்லை, வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தாள். முடிதிருத்துகிறவர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த ஆளும் நுரையோடு பின்னாலேயே வந்தார்.

"பஸ்ஸு வரல, பஸ்ஸு வரலன்னு உக்காந்து மூக்கைச் சிந்தறோமே, பஸ்ஸு ஏன் வரணும்? டிரைவருக்கு என்ன வேணும்? நல்ல கக்கூஸ் வேணும், நிழல் வேணும், ஒரு டீ வேணும். நம்ம கிட்ட இதுல எது இருக்கு?"

"அதெல்லாம் அரசாங்கம் பண்ணணும்மா" என்றார் மளிகைக்கடைக்காரர். எதற்கும் முதலில் முகத்தைச் சுளிக்கிற மனிதர்.

"அரசாங்கம் வர்ற வரைக்கும் பாத்துட்டிருந்தா, அண்ணே, உங்க மூட்டையில இருக்கற பயறு முளைச்சு மரமாயிடும்."

நுரை ஆள் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த கையோடு வேலையிலும் இறங்கிவிட்டார்கள், அதுதான் வேடிக்கை.

பழைய பஸ் நிலையத்துக் கழிப்பறையை முடிதிருத்துகிறவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தேய்த்தார். பூட்டு ரிப்பேர்க்காரர் எல்லா ஷட்டருக்கும் எண்ணெய் விட்டார். பெயின்ட் வாங்க வழியில்லை. வீட்டுக்கு வீடு மிச்சம் கிடந்ததைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நிறம் வாய்த்தது. மளிகைக் கடை பளிச்சென்று ரோஸ் நிறத்தில் வந்து நின்றது. கடைக்காரர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதற்குள் அதைப் பார்க்கவென்றே பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வர ஆரம்பிக்க, "ரோஸ்தான் வேணும்னு நான்தானே சொன்னேன்" என்று தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

பிறகு எல்லோருமாகப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார்கள். பேசியது மைக்தான். ஊர் நிலைமையைப் பார்த்து அதிகாரி இறங்கிவந்தாரா, தன் காதுகளைக் காப்பாற்றிக்கொள்ள இறங்கிவந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. "சரிம்மா, சரிம்மா, கொஞ்சம் மெதுவா!" என்றார். மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை. காலையில் நகரத்துக்குப் போகிற பஸ்ஸும் நகரத்திலிருந்து வருகிற பஸ்ஸும் ஊருக்குள் வரும். "ஏறவும் ஆள் இருக்கணும், இறங்கவும் ஆள் இருக்கணும். ஈயாடிச்சுன்னா அதோட மறந்துடுங்க."

அவனுக்குப் போன் போட்டு நாளைச் சொன்னாள். "ம்" என்றான். வேறு ஒரு வார்த்தை? கிடையாது. அந்த ஒரு "ம்"மை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் கொதித்தாள்.

திட்டம் என்னவோ எளிமையானதுதான். நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறுவது. அடுத்த நிறுத்தமான பாலத்தடியில் இறங்குவது. எதிரே வருகிற பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்து ஊரில் இறங்குவது. கொஞ்சம் திருட்டுத்தனம்தான், இல்லையென்று யார் சொன்னது? வாழ்வா சாவா என்கிற நேரத்தில் அதையெல்லாம் பார்க்க முடியுமா?

"வீட்டுக்கு ஒருத்தர் வந்தாப் போதும். கடையில ஆள் இருக்கணும்" என்று மைக் தெருத்தெருவாகச் சொன்னாள். அவள் சொன்னால் கேட்காமல் இருக்குமா? எல்லோர் காதிலும் விழத்தான் விழுந்தது. ஆனால் ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு கணக்குப் போட்டார்: மற்றவர்கள் வராமல் போய்விட்டால்? நம்மால் ஊர் கெட்டது என்று ஆகலாமா?

ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்து நின்றதும் ஊரே ஏறியது. மளிகைக்கடைக்காரர் குடும்பத்தோடு ஏறினார். முடிதிருத்துகிறவர் காதில் சீப்பைச் செருகியபடி ஏறினார். பூட்டு ரிப்பேர்க்காரர் தன் வீட்டையே பூட்ட மறந்து ஏறினார். ஆள் எண்ண வந்து உள்ளே உட்கார்ந்திருந்த செக்கிங் இன்ஸ்பெக்டர் சீட்டோடு சீட்டாக அமுங்கிப்போனார்.

"இவ்வளவு பேரும் எங்கம்மா போறீங்க?"

"பாலத்தடிக்கு சார்."

"அங்க என்ன இருக்கு?"

"காத்து வாங்கப் போறோம் சார்" என்றாள் மைக், கூசாமல்.

பாலத்தடியில் எல்லோரும் இறங்கினார்கள். இன்ஸ்பெக்டரும் இறங்கினார், எதிர் பஸ்ஸையும் அவர்தான் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அது வந்தது. வந்த கோலத்தைப் பார்த்து ஊருக்கே வாய் பிளந்துவிட்டது. பிதுங்கி வழிகிறது! கண்டக்டர் படியில் நின்று, "இடமில்ல, இடமில்ல! எல்லாம் உங்க ஊருக்குத்தான் வர்றாங்க!" என்று கை வீசினார். இன்ஸ்பெக்டர் மட்டும் எப்படியோ ஒரு காலை வைத்துத் தொற்றிக்கொண்டார். பஸ் நகர்ந்தது.

கடைசி ஜன்னலில் மைக் அவனைப் பார்த்தாள். மடியில் ஒரு பெரிய அண்டாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிலும் தொழிற்சாலை ஆட்கள், அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். கரண்டியைத் தூக்கி ஆட்டினான்.

"ஐயோ, அவருங்க! எங்க வீட்டுக்காரருங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாலத்தடிப் புறாக்கள் பறந்தன. அடுத்த நொடியே அவளுக்கு உறைத்தது. "அண்ணே, மளிகைக் கடையில யாரு இருக்கா?"

"உன் கடையில நீ இருப்பே, பாத்துக்குவேன்னு..."

"நான் இங்கல்ல நிக்கறேன்!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஊரில் ஒரு ஈ, காக்கை இல்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு பஸ் நிறைய ஆள் வருகிறது, வாங்க என்று சொல்ல ஒருத்தர் இல்லை! அவ்வளவுதான், ஓடினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைக் முன்னால் ஓட, சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஊரே பின்னால் ஓடியது. மளிகைக்கடைக்காரரின் வேட்டி இரண்டு இடத்தில் அவிழ்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு, வந்தவர்கள் காறித் துப்பிவிட்டுத் திரும்பியிருப்பார்கள், வீட்டுக்காரரும் கூடவே போயிருப்பார் என்று அவள் புலம்பிக்கொண்டே ஓடினாள்.

கடைத்தெரு முனையில் மூச்சிரைக்க வந்து நின்றாள். தெருவில் கால் வைக்க இடமில்லை. ரோஸ் கடை வாசலில் நின்று ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. முடிதிருத்தும் நாற்காலியில் ஒருவர் தானாகவே நுரை பூசிக்கொண்டு, ஆள் வரட்டும் என்று குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக் கடை ஷட்டர் திறந்திருந்தது. உள்ளிருந்து புகையும் தாளிக்கிற வாசனையும் வந்தன. பெஞ்சில் இன்ஸ்பெக்டர் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், பஸ்ஸு நிக்குமா சார்?"

"எனக்கே உக்கார இடமில்லாம படியில தொங்கிட்டு வந்தேன்மா. நிக்காம? அதைத்தான் எழுதப் போறேன்." ஒரு வாய் வைத்துவிட்டு, "ஆனா அந்தக் காத்து வாங்கற கதையை எழுத மாட்டேன்" என்றார்.

மைக் தன் கடைக்குள் போய் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நடுச்சுவரில் காலண்டர் ஒரு ஆட்டம் ஆடிக் கீழே விழுந்தது. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது, கையில் டீ டம்ளர். ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை பத்தவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. அவளுக்கு! மைக்குக்கு!

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு அவன் பேசினான்.

"போகவர சேர்த்து எடுத்தா டிக்கெட் குறைச்சல்னாரு கண்டக்டர்."

அவள் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வர்றதுக்கு மட்டும் போதும்னுட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டம்ளரை ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டினாள். "சர்க்கரை பத்தல!" என்றாள். தெருக்கோடிவரை கேட்டது.