பாத்ரூமில் ஒரு விரால்

போன கிருத்திகைக்கு என் அக்காவும் பாவாவும் புத்தூரிலிருந்து வந்தார்கள். பாவா என்றால் அக்கா வீட்டுக்காரர். இரண்டு வருடமாக என்னோடு பேசுவதில்லை. காரணம்? என் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவர் பெயர் விட்டுப்போய்விட்டது. கொலையே செய்திருந்தாலும் மன்னித்திருப்பார்...

வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார். பேச்செல்லாம் அக்கா வழியாகத்தான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "உன் தம்பிகிட்ட சொல்லு, ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கட்டும்" என்பார்.

எனக்கோ ஒரே அக்கா. நடுவில் கிடந்து அவள் அல்லாடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாவாவுக்கு விரால் குழம்பு என்றால் உயிர். நம் கையாலேயே பிடித்துச் சமைத்துப் போட்டுச் சமாதானம் செய்துவிடலாம் என்று, காலையிலேயே மெக்கானிக் இஸ்மாயில் பாயோடு ஏரிக்குக் கிளம்பினேன். பாய் ஒரு தூண்டில் பைத்தியம்.

கிருத்திகை அன்று மீனா? திருத்தணிக்காரன் செய்கிற வேலையா இது? எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பாய்க்கு அன்றைக்குத்தான் லீவு. தவிர, விரதம் வாய்க்குத்தானே, தூண்டிலுக்கு ஏது விரதம்? குழம்பு மறுநாள்தான். தண்ணீரில் விட்டு வைத்தால் விரால் மறுநாள் வரை உயிரோடு கிடக்கும்.

விராலுக்குப் புழுவெல்லாம் பத்தாது. வேட்டை மீன் — தவளையையே விழுங்கும். பாய் ஒரு ரப்பர் தவளையை மாட்டித் தூண்டில் ராடை என்னிடம் தந்தார். அல்லி இலைகள் மேல் அதைத் தத்தித் தத்தி வருகிற மாதிரி இழுக்க வேண்டும். இழுத்தேன். 'டபக்' என்று ஒரு சத்தம். வெடுக்கென்று சுண்டினேன். ரப்பர் தவளை மட்டும் பறந்து வந்து என் நெஞ்சில் அடித்தது.

"இன்னா சார் அவசரம்? நல்லா கவ்விகினு உள்ள போவட்டும். அப்பறம் இழுங்க" என்றார் பாய்.

அடுத்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மாட்டியது. மூன்று கிலோவுக்குக் குறையாது!

வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் டிரம்மில் விட்டுப் பலகையால் மூடினேன். மனைவியிடம் சொன்னேன். பாவாவிடம்? நாளைக்கு இலையில் பார்த்து அசரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வந்து இறங்கியவர், மலைக் கோயிலுக்குப் போகுமுன் குளிக்கப் போனார். பலகையை நகர்த்தும் சத்தம். சொம்பு உருளும் சத்தம். அப்புறம் கதவு படாரென்று திறந்தது. இடுப்புத் துண்டோடு பாவா.

"டேய், உள்ள இன்னாடா வச்சிகினு இருக்க?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அக்காவைப் பார்த்து இல்லை.

பதில் சொல்ல ஏது நேரம்? விரால் ஈரத் தரையில் துள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடினோம்.

"தலைய அமுக்குடா, வால நான் பாத்துக்கறேன்."

"வழுக்குது பாவா..."

"பேசாத. புடி."

மண்டையோடு மண்டை முட்டி, ஒருவழியாக அதை டிரம்மில் போட்டு, பலகை மேல் குழவிக்கல்லைத் தூக்கி வைத்தோம். அக்கா கதவோரம் நின்று சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

பாவா மூச்சு வாங்கியபடி என்னை முறைத்தார். கோபம் ஞாபகம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

"மீனத் தொட்டாச்சு. மறுபடி தலைக்கு ஊத்திகினுதான் மலை ஏறணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு மீன் தல எனக்கு. சொல்லிட்டேன்."

உறவில் மனஸ்தாபம் என்றால் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள் என்கிறார்கள். பேசலாம்தான்... முதலில் யாராவது வாயைத் திறக்க வேண்டுமே?

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு விரால் துள்ள வேண்டியிருந்தது.