காருக்குக் கால் அளவு

இந்த ஊரில் செருப்புக்கு மட்டுமல்ல, காருக்கும் கால் அளவு கேட்கிறார்கள். குழந்தைகள் உள்ளே உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டும் தகரக் காரைச் சொல்கிறேன். மலாக்கா டவுனில் விளையாட்டுச் சாமான் விற்கும் சீனத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒருவரிடம் போய், என் மகளுக்கு ஒரு கார் வேண்டும் என்றேன். பிள்ளையின் கால் எவ்வளவு நீளம் என்று அவர் மலாயில் கேட்டார். நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறவன். படியேறி வரும் ஆளைப் பார்த்ததுமே சட்டைக்கு எத்தனை கெஜம் என்று சொல்லிவிடுவேன். என்னைப் பார்த்தா இப்படி ஒரு கேள்வி! ஆனால் என் மகள் செல்வியின் கால் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

நான் கப்பலேறியபோது அவளுக்கு ஒரு வயது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தாள். ஊரில் நடைவண்டிக்கு யார் அளவு பார்த்தார்கள்? ஒரு வீட்டுப் பிள்ளை நடந்து பழகியதும் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். தெருவுக்கே ஒரு வண்டி, எல்லாக் கால்களும் அதற்குப் பொருந்தும். இங்கேயோ கடைக்குள் தினுசு தினுசாகக் கார்கள் நிற்கின்றன. அவற்றில் சிவப்புக் கார் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. டார்ச் பேட்டரி போட்டால் முன்விளக்கு இரண்டும் எரியும், ஹாரனும் அடிக்கும். நாற்பதை நெருங்கும் எனக்கே அதில் ஏறி உட்காரலாம் போலிருந்தது.

மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்த நேரம் அது. எங்கள் கடையில் கொடித் துணி கிழித்துக் கிழித்துக் கை ஓய்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் போன பிறகு என்ன ஆகுமோ என்று கூட வேலை பார்த்தவர்களில் சிலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தலைகீழாக, மனைவி கோமதியையும் செல்வியையும் ஊரிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். பெரிய துணிச்சல்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்சி மாறுவதைப் பற்றியெல்லாம் எனக்குப் பயமில்லை. பெற்ற மகள் என்னை யாரோ என்று பார்த்துவிடுவாளோ என்பதுதான் பயம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் காரைத் தேடி வந்தேன்.

பிள்ளையைக் கூட்டி வந்து உட்கார வைத்துப் பார் என்றார் தவுக்கே. பிள்ளை இந்தியாவில் இருக்கிறது என்றேன். "ஓ, இந்தியா!" என்று முகம் மலர்ந்தவர், உள்ளே போய்ப் பலகையும் ஆணியும் எடுத்து வந்துவிட்டார். கார் கப்பலில் போகிறது என்று அவர் எண்ணம். போகவில்லை, பிள்ளைதான் வருகிறது என்று என் அரைகுறை மலாயில் விளக்கினேன். "பாயிக், பாயிக்", சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே பெட்டியை அடித்து முடித்தார். நானும் சட்டைப் பையிலிருந்த போட்டோவைப் பார்த்து ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அதில் ஒரு நாற்காலியின் பக்கத்தில் செல்வி நின்றாள். நாற்காலியின் உயரம் இவ்வளவு என்றால் பிள்ளையின் உயரம் இவ்வளவு, அப்படியானால் கால் இவ்வளவு. சிவப்புக் கார் கச்சிதமாகப் பொருந்தும் என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். அட்லாண்டிக் கடலைத் தாண்டப்போவது மாதிரி ஒரு பெட்டியுடன் காஜா பெராங்கில் உள்ள வீட்டுக்கு மூன்று சக்கரத் திரிஷாவில் வந்து இறங்கினேன்.

கப்பல் வந்த அன்று துறைமுகத்தில் நான் கையை நீட்டியதும் செல்வி கோமதியின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். போகட்டும், வீட்டில் கார் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியை உடைத்து, விளக்கைப் போட்டு, ஹாரனை அடித்துக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. மெதுவாக வந்து உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் போய் இடித்தன. மிதிக்க முடியவில்லை. இறங்கி அம்மாவிடம் போய்விட்டாள்.

"எத வச்சுங்க அளவு பாத்தீங்க?" என்றாள் கோமதி.

போட்டோவை நீட்டினேன். "ஐயோ, இது ஸ்டுடியோக்காரர் புதுசா வாங்குன நாற்காலிங்க. அதுல ஒக்காந்தா என் காலே தரைக்கு எட்டல!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் கண்ணளவின் மானம் கப்பலேறியது.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்பே நம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே ஊறிப்போனவர்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நெற்றியில் குங்குமம், இடுப்பில் கைலி, வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில், ஆனால் வாயைத் திறந்தால் மலாய். அவர் மகள் மீனா செல்வியின் வயதுதான், உருவத்தில் பொடிசு. சிவப்புக் கார் மீனாவுக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து மலாயில் அதிகாரம் செய்ய, என் மகள் பின்னாலிருந்து தள்ளினாள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது, ஆனாலும் சிரிப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. நான் கடையிலிருந்து திரும்பினால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "அம்மா, அவங்க வந்துட்டாங்க" என்று செல்வி உள்ளே ஓடுவாள். அந்த 'அவங்க' என்னைத் தைத்தது. மீனாவைப் பார்த்துப் பொறாமையாகக்கூட இருந்தது.

"போய் மாத்திட்டு வாங்க. இந்தத் தடவையாச்சும் காலையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள் கோமதி.

காரைப் பார்த்ததும் தவுக்கே திகைத்தார். "சுடா பாலிக் டாரி இந்தியா?" அதற்குள் இந்தியா போய்த் திரும்பிவிட்டதா என்கிறார்! நான் செல்வியைக் காட்டினேன். பிள்ளையும் கூடவே வந்துவிட்டதாக நினைத்து அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு காராக உட்கார வைத்துப் பார்த்தோம். பச்சைக் காரில் கால் சரியாக எட்டியது. விளக்கும் இருந்தது. இதுவே போதும் என்றேன். செல்வி அசையவில்லை. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மீனா எங்க ஒக்காருவா?"

என்னிடம் அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. காலை அளந்தேன், விளக்கைப் பார்த்தேன், ஹாரனை அடித்துப் பார்த்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. அவளே கடையைச் சுற்றி வந்து, மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு நீல லாரியின் முன்னால் நின்றாள். விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, பேட்டரிக்கே வேலை இல்லை. பின்னால் சாமான் ஏற்றுகிற தட்டு மட்டும் இருந்தது. தவுக்கே அதைத் துடைத்து, முன்பக்கம் ஒரு காகிதக் கொடியை ஒட்டிக் கொடுத்தார்.

வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது கோமதி குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக நின்றாள். புது வண்டி ஆயிற்றே! அந்தப் பக்கத்திலிருந்து லெட்சுமி அக்காவும் எலுமிச்சம்பழங்களோடு வந்தார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாத இரண்டு பேரும் ஒன்றும் பேசாமலே ஆளுக்கு இரண்டு சக்கரத்தின் அடியில் பழத்தை வைத்தார்கள். கொடிக்குப் பக்கத்தில் கோமதி குங்குமம் இட்டாள். மீனா தட்டில் ஏறிக்கொண்டாள். செல்வி மிதித்தாள். பழங்கள் நசுங்கின, லாரி நாலு முழம் போனது, சரளை மண்ணில் சிக்கி நின்றுவிட்டது. பின்னால் தள்ள ஆள் இல்லை.

செல்வி சுற்றுமுற்றும் பார்த்தாள். கோமதியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, தோலாக்!"

தோலாக் என்றால் மலாயில் தள்ளு என்று அர்த்தம். மீனாவிடம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடம் நான் காத்துக் கிடந்த சொல்லும், இத்தனை வருடமாகியும் என் நாக்கில் ஒழுங்காகப் படியாத மொழியும் ஒரே மூச்சில் அவள் வாயிலிருந்து வந்தன. கண் கலங்கிவிட்டது. கோமதி பார்த்துவிடுவாளே என்று சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் தள்ளினேன்.