குல்லமண்டிக்குப் போயிட்டு வர்றேன்

எங்கள் ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கக் கூடாத தெரு ஒன்று பெருங்களத்தூரில் இருந்தது. ஷபீனா அக்காவின் தெரு. அந்தச் சட்டத்தைப் போட்டது அக்காதான். டிரைவர் துரை அண்ணனுக்கு அது மானப் பிரச்சினை.

"ஹாரன் அடிக்காத இன்னா வண்டி ஓட்றது? கையைக் கட்டிக்கினு சாப்புடற மாதிரி கீதும்மா" என்று தினமும் என்னிடம் புலம்புவார். நான்தான் முதல் ஸ்டாப். அடுத்தது அக்கா. பால் பாக்கெட்கூட வந்திராத விடியற்காலையில் வேன் விளக்கை அணைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நிற்கும். அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சொந்த வீட்டிலிருந்தே திருடன் மாதிரி நழுவி வருவார்.

காரணம், உள்ளே அக்காவின் அம்மாவோடு தூங்கிக்கொண்டிருந்த ரூக்சார். அக்காவின் மகள். ஐந்து வயது வாலு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா ஷார்ஜாவுக்கு வேலைக்குக் கிளம்பினார். "போயிட்டு வர்றேன்டா கண்ணு" என்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். கொஞ்ச நாள் போன் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பிறகு, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று சேதி மட்டும் வந்தது. பாவி மனுஷன்! அதிலிருந்து யார் 'போயிட்டு வர்றேன்' என்று சொன்னாலும் ரூக்சார் வீறிட்டுக் கத்தி, சொன்னவர் காலைக் கட்டிக்கொள்வாள். அதனால் அக்கா அந்த வார்த்தையையே வீட்டில் நிறுத்திவிட்டார். குழந்தை தூங்கும்போதே கிளம்பிவிடுவார்.

இது 2006. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கால் சென்டரில் நாங்கள் வேலை பார்த்தோம். ஆஸ்திரேலியாவில் ஒரு டெலிபோன் கம்பெனி. அந்த ஊர் ஜனங்கள் லைன் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டால் மணி இங்கே அடிக்கும். அவர்களுக்கு நம்மைவிடச் சீக்கிரம் விடிந்துவிடும். அதனால்தான் எங்களுக்கு அந்த அகால ஷிஃப்ட்.

நாங்கள் எல்லாரும் காலேஜ் முடித்த கையோடு வந்தவர்கள். அக்காவுக்கு முப்பத்திரண்டு. என்றோ வாங்கிய பி.காம். சர்ட்டிபிகேட்டைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கஸ்டமர் கத்தினால் மியூட் பட்டனை அழுத்தி, எங்கள் பெருங்களத்தூர் பாஷையில் நாலு வாங்கு வாங்கிவிட்டுத்தான் திரும்பப் பேசுவேன். அந்த பட்டனைக் கண்டுபிடித்த புண்ணியவான் நன்றாக இருக்கணும். அக்கா அதைத் தொடவே மாட்டார். கிழடுகட்டைகள் என்ன கதை சொன்னாலும் "ம், சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருப்பார். "ஏன்க்கா உயிரை வாங்கறீங்க?" என்பேன். சிரிப்பார்.

அக்கா வேலையில் நிரந்தரமாவதற்குச் சில வாரங்களே இருந்தன. "இந்த வேலை போச்சுன்னா அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும் தீபா. அண்ணி சமையல்கட்டுல நானும், ஹால் மூலையில என் பொண்ணும்" என்று ஒருநாள் வேனில் சொன்னார். அழவில்லை. அவர் அழாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் குல்லமண்டியிலிருந்து லெஸ் ஹாரிகன் கூப்பிட்டார்.

குல்லமண்டி! பேரைக் கேட்டால் வெங்காய மண்டி மாதிரி இருக்கிறது. உண்மையில் அது மர மண்டியாகத்தான் இருந்திருக்கிறது. ஆற்றங்கரையில் ஒரு குட்டி ஊர். கரை முழுக்க நம்ம தைல மரத்துக்குச் சொந்தக்கார மரங்கள், வெட்டினால் உள்ளே ரத்தச் சிவப்பு. அவற்றை அறுக்கும் மில்லில் லெஸ் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். மில் மூடி, ஊர் காலியாகி, மழையும் பொய்த்து, ஆற்றை நனையாமல் நடந்து கடக்கலாம் என்றார். பிள்ளைகள் எங்கோ நகரத்தில். மனைவி இல்லை. ஒரு நாயும் ஒரு டெலிபோனும்தான் துணை. அந்த டெலிபோனும் கரகரக்கிறது, பக்கத்து வீட்டிலிருந்துதான் பேசுகிறேன் என்றார். இத்தனையையும் அக்கா கேட்டுக்கொண்டார். சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று சொல்லி முடிக்கும்போது, ஒரு தமிழ்ப் பொண்ணு மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார்.

"ஓகே சார், ஐ வில் கோ அண்ட் கம்."

வீட்டில் அடைத்துவைத்த வார்த்தை, ஆள் அசந்த நேரம் பார்த்து இங்கிலீஷில் வெளியே வந்துவிட்டது. எனக்கே காதில் விழுந்தது. எனக்கும் வித்தியாசமாகப் படவில்லை. நம்ம காதுக்கு அதில் என்ன தப்பு?

லைன் வியாழக்கிழமையே சரியாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை அவரிடமிருந்து புகார் வந்தது. 'வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை.' மனுஷன் சனிக்கிழமை முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். பழைய மில்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஆற்றங்கரையில் கூடிச் சாப்பிடுவார்களாம். அது அந்தச் சனிக்கிழமைதான். தேடி வரும் பெண் ஏமாந்து போகக் கூடாதே என்று அதற்கும் போகவில்லை.

டீம் லீடர் ஏகநாதன் சார் ரெக்கார்டிங்கைக் கேட்டார். கடைசி வரி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"நமக்குப் புரியுது, ஷபீனா. சிட்னியில இருக்கிற கம்பெனி மேடத்துக்கு எப்படிப் புரியும்? கஸ்டமருக்குப் பொய் வாக்குறுதி கொடுத்தாங்கன்னு எழுதியிருக்காங்க. அதுக்கு வேலையை விட்டுத் தூக்கறதுதான் ரூல். மன்னிப்புக் கேட்டுப் பாருங்க. கஸ்டமர் புகாரை வாபஸ் வாங்கினா பொழைச்சோம்." என்னிடம் திரும்பி, "நீ இன்னொரு ஹெட்செட் போட்டுக்கிட்டுப் பக்கத்துல உட்காரும்மா. அழுதாங்கன்னா தண்ணி கொடு" என்றார்.

சிட்னி மேடமும் லைனில் இருந்தார், கேட்க மட்டும். அதை லெஸ்ஸிடமும் சொல்லியிருந்தார்கள். பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"வர்றேன்னு சொன்ன பொண்ணு நீதானா?" என்றார் லெஸ்.

"ஆமாம் சார்."

"கேக் செஞ்சு வெச்சிருந்தேன். நாய் தின்னுடுச்சு."

அக்கா ஏகநாதன் சார் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"எவனோ எழுதினதைப் படிக்காதே. நீ பேசு."

அக்கா தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"சார், எங்க பாஷையில கிளம்பும்போது போறேன்னு மட்டும் சொல்லக் கூடாது. அது அபசகுனம். செத்தவங்கதான் வெறுமனே போவாங்க. அதனால போயிட்டு வர்றேன்னு சொல்வோம். அதைத்தான் உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க எனக்காகக் காத்திருப்பீங்கன்னு நினைக்கலை. மன்னிச்சிடுங்க."

பின்னால் நாய் குரைத்தது.

"அப்படிச் சொல்லிட்டுப் போறவங்க எல்லாரும் உங்க ஊர்ல திரும்பி வந்துடறாங்களா?"

"இல்ல சார். என் வீட்டுக்காரர் வரலை."

ஏகநாதன் சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நானே குடித்துவிட்டேன்.

"இருந்தும் சொல்றியா?"

"வீட்டுல சொல்றதில்லை. பொண்ணு பயந்து அழறா. அவ தூங்கறப்பவே கிளம்பிடறேன்."

"முழிச்சதும் உன்னைக் கேட்பாளா?"

"முன்னே கேட்பா. இப்ப கேட்கறதை நிறுத்திட்டா சார்."

இதைச் சொன்னபோதுதான் அக்காவின் குரல் உடைந்தது.

கிழவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எங்க மில் சங்கு தினமும் காலையில ஊதும். ஊரையே எழுப்பும். கைக்குழந்தைங்க கத்தும், என் பெண்டாட்டி கண்டபடி திட்டுவா. மூடின அன்னிக்கு மட்டும் அது ஊதலை. எங்க மூஞ்சியில முழிக்க முதலாளிக்கு வெட்கம். பொழுது விடிஞ்சு, சாப்பாட்டு டப்பாவோட போய் நின்னா, கேட்டுல பூட்டு. சங்கு ஊதி, மூடறோம்னு சொல்லியிருந்தா எல்லாரும் ஒண்ணா நின்னு அழுதிருப்போம். அழுதா தீர்ந்திருக்கும். சத்தமில்லாம மூடினாங்க பாரு, அது எனக்கு இன்னிக்கும் தீரலை."

அக்கா ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

பிறகு கிழவர் குரலை உயர்த்தினார். "ஒட்டுக் கேட்கிற அம்மணி யாரா இருந்தாலும் சரி. என் புகாரைக் கிழிச்சுப் போடுங்க. இந்தப் பொண்ணு பொய் சொல்லலை. வர்றேன்னு சொன்னா. இதோ, வந்துட்டாளே!"

அடேயப்பா! பெரிய பெரிய வக்கீலுக்கெல்லாம் வராது அந்த வாதம். சிட்னி மேடம் மூக்கை உறிஞ்சியது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அதை உங்க பாஷையில எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டார் லெஸ்.

"போயிட்டு வர்றேன்."

"பொய்ட்டு வாரேன்" என்றார் அவர். போய் பொய்யாகிவிட்டது. நான் சிரித்து, சிரிப்பிலேயே அழுது, கடைசியில் ஏகநாதன் சார் எனக்குத்தான் தண்ணி கொடுக்க வேண்டியிருந்தது.

அக்காவின் வேலை நிலைத்தது. லெஸ் அதற்குப் பிறகும் எப்போதாவது, லைன் நன்றாக இருக்கும்போதே, கூப்பிடுவார். அது யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை எனக்கே விழுந்தது. பேசி முடித்து "பொய்ட்டு வாரேன்" என்றார். மியூட் பட்டன் பக்கம் என் கை போகவே இல்லை. அக்கா தொழுகையில் துஆ கேட்கும்போது லெஸ்ஸின் பெயரையும் சொல்வார். எனக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் பார்த்தே இராத அந்த மனுஷனை நினைத்துப் பிள்ளையார் கோவிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். எந்த ஊரில் இருந்தால் என்ன, மகராசன்!

அந்த மன்னிப்புப் பேச்சுக்கு மறுநாள் காலை என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேன் வழக்கம்போல விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. அக்கா வெளியே வந்தார். செருப்பு கையில் இல்லை, காலில் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. நேராக டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணா, ஹாரன் அடிங்க."

"இன்னாது?"

"அடிங்கண்ணா. நல்லாவே அடிங்க."

இத்தனை மாதம் அடக்கி வைத்ததையெல்லாம் துரை அண்ணன் ஒரே அழுத்தில் தீர்த்துக்கொண்டார். தெருவே விளக்குப் போட்டது. "எவன்டா அவன்?" என்று ஒரு மாடியிலிருந்து சத்தம் வந்தது. அக்காவின் அம்மா பதறி ஓடிவர, அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ரூக்சார் கண்ணைக் கசக்கியபடி வந்தாள். அக்கா அவள் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா வேலைக்குப் போயிட்டு வர்றேன்."

குழந்தை போட்ட கூப்பாட்டில் ஹாரனே தோற்றது. காலைப் பிடித்தாள், சுடிதாரைக் கடித்தாள். அன்று நாங்கள் எல்லாரும் லேட். மறுநாளும் அதே ஹாரன், அதே கூப்பாடு. ஆனால் அக்கா ஒரு காரியம் செய்தார். மதியம் திரும்பும்போதும் வேனை வாசல்வரை விடச் சொல்லி, ஹாரன் அடிக்கவைத்தார். போனவள் வந்துவிட்டாள் என்று குழந்தைக்குக் கேட்கணுமாம்.

வாரங்கள் போயின. கூப்பாடு சிணுங்கலாயிற்று. ஒருநாள் காலை, ஹாரன் அடிக்கும் முன்பே ரூக்சார் வாசலில் நின்றாள். தலை கலைந்து, ஒரு கையில் பிஸ்கட். அக்கா குனிந்து சொன்னார். அவள் அழவில்லை. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே யோசித்தாள்.

"சரி, போயிட்டு வா. வந்ததும் ஹாரன் அடி."

அக்கா ஓடிவந்து வேனில் ஏறி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குழந்தைக்குப் பதில் சொன்னது துரை அண்ணன்தான். ஹாரனில் கையை வைத்தவர், தெருமுனை திரும்பும்வரை எடுக்கவே இல்லை.