பாதித் தண்ணீர் வரிசை

யாராவது தாகத்தோடு நிற்பதைப் பார்த்தால் சரோஜம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. மீட்டர் குறிக்க வருகிறவர், வழி கேட்டு நிற்கிற லாரி டிரைவர், பக்கத்து வீட்டு எருமை, எல்லோருக்கும் அவள் வாசலில் தண்ணீர் உண்டு. தங்கமான மனசுதான். அந்த மனசுதான் பல்கலைக்கழகத்தின் ஒரு வருட ஆராய்ச்சிக்கு வேட்டு வைத்தது.

சூளகிரிப் பக்கம் அவளுக்கும் எல்லப்பனுக்கும் ஒரு திராட்சைப் பந்தல். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து கல்தூண் நட்டுப் போட்டது. இப்போது போர்வெல்லில் தண்ணீர் வருஷா வருஷம் கீழே போகிறது. எல்லப்பன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். இந்தக் கொடியோடு இனி மல்லுக்கட்ட முடியாது, பிரித்துவிட்டு மாங்கன்று வைக்கலாம் என்று தினமும் சொல்வான். அதைக் கேட்டாலே அவள் எழுந்து பந்தலுக்குப் போய்விடுவாள்.

அப்போதுதான் வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து சரிதா வந்தாள். வறட்சி தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டிய கொடிகளை நட்டு, சொட்டுநீர் போட்டு, ஒரு வரிசைக்கு முழுத் தண்ணீர், அடுத்த வரிசைக்குப் பாதி என்று பிரித்தாள். பாதியிலேயே கொடி தழைத்தால் இருக்கிற போரை வைத்துப் பந்தலைக் காப்பாற்றிவிடலாம். வாடினால் பந்தல் போகும் என்று எல்லப்பன் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

சித்திரை வெயிலில் பாதித் தண்ணீர் வரிசை இலையைத் தொங்கப்போட்டது. சாயங்காலம் தானாக நிமிரும், பயப்படாதீர்கள் என்று சரிதா சொல்லித்தான் போயிருந்தாள். பயப்படாமலிருக்க சரோஜம்மாள் என்ன கல்லா? எல்லப்பன் டூட்டிக்குக் கிளம்பியதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தப்பு என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த முறை வந்த சரிதா, புருஷனும் பெண்டாட்டியும் கூட நிற்க, தழைத்து நின்ற கொடிகளைப் பார்த்துப் பூரித்துப் போனாள். மண்ணில் ஈரம் அளக்கும் கருவியைச் செருகியதும் முகம் மாறியது. முழுத் தண்ணீர் வரிசையைவிட இங்கேதான் ஈரம் அதிகம். குழாய் எங்கோ ஒழுகுகிறது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்றாள். இந்தக் கொடிகளை நம்பித் தண்ணீரைக் குறைக்க பக்கத்து ஊரான பேரிகையில் நாலு விவசாயிகள் காத்திருக்கிறார்களாம்.

சரோஜம்மாள் குழாயைப் பார்த்தாள். சொன்னால் தன் பந்தல் போகும். சொல்லாவிட்டால் ஊரார் கொடி காயும்.

"கொழாய் மேல தப்பில்ல கண்ணு. நாந்தான் கொடத்துல ஊத்தினேன். வாடிப்போனா இவுரு பந்தலப் பிரிச்சுடுவாரு."

சரிதா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி கருவியைப் பார்த்தாள். குடத்தில் ஊற்றினால் இவ்வளவு ஈரம் வராதே என்றாள்.

எல்லப்பன் துண்டைத் தோள் மாற்றிப் போட்டான்.

"இவ பால் சொசைட்டிக்குப் போனதும் நான் ஓஸ் பைப்புல தண்ணி உட்டுட்டேன் மேடம்."

முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும், இந்த முறை வால்வுக்குப் பூட்டுப் போடுவேன் என்று சரிதா பொரிந்து தள்ளினாள். சரோஜம்மாள் காதில் எதுவும் விழவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ மாங்கன்னு?"

"எங்க வெக்கறது? எடமே இல்லியே," என்றான் எல்லப்பன்.