இடது பக்கம் கொஞ்சம் தாமதம்

பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாக நைட்டியில் வழிந்தது. தூக்கக் கலக்கம் என்று மறுபடியும் கொப்பளித்தேன். மறுபடியும் வழிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தால், முகத்தின் இடது பாதி என் பேச்சைக் கேட்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கத்திவிட்டேன். என் கணவர் ஏழுமலை லோடு வண்டி ஓட்டுபவர். அதிலேயே என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் செல்லிப்பட்டிலிருந்து வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

டாக்டர் கை, கால்களைச் சோதித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கச் சொன்னார். வலது மட்டும் ஏறியது. "பயப்படாதீங்கம்மா, மூளையில ஒண்ணும் இல்ல. இது முகவாதம்" என்றார் (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் செயலிழப்பது). உங்களுக்கும் இப்படி ஆனால் மந்திரிக்க ஓடாதீர்கள். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை (நரம்பின் வீக்கத்தைக் குறைப்பது) சீக்கிரம் தொடங்குவது நல்லது. மூட முடியாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

பிறகு பயிற்சி. "கன்னத்த உப்பணும், விசில் அடிக்கணும், கண்ணாடி முன்னாடி நின்னு நல்லா சிரிக்கணும். தெனம் மூணு வேளை."

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "சார், மத்ததெல்லாம் செய்வா. அந்தக் கடைசி ஒண்ண மட்டும் மாத்திக் குடுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. திருபுவனையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் நான் செக்கர்; டப்பாவும் மூடியும் சரியா என்று பார்த்துப் பாஸ் செய்பவள். லைனில் நிற்கும் பெண்கள் முக்கால்வாசி எங்கள் ஊர்ப்பக்கம். ஒருமுறை சிரித்துவிட்டால் கோணல் மூடியெல்லாம் பாஸ் ஆகிவிடும் என்று பதினாறு வருடமாக முகத்தை இறுக்கியே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தும் தளர்த்தத் தெரியவில்லை.

லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றே ஒருத்தியைத் திட்டினேன். அவள் பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள்: "மேடம் திட்றாங்களாடி, சிரிக்கிறாங்களாடி?"

"இன்னான்னு தெரியலடி."

மாத்திரையை விழுங்கிவிடலாம். கண்ணாடியைப் பார்த்துச் சும்மா சிரிப்பது இருக்கிறதே, உடம்பெல்லாம் கூசியது. மூன்று வாரம் எதுவும் அசையவில்லை. இப்படியே நின்றுவிடுமோ என்று அழுதேன். அழுகையும் கோணலாகத்தான் வந்தது.

மறுநாள் காலை வாயில் பிரஷ்ஷோடு ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார். "வெக்கமா இருந்தா சொல்லு, நானும் செய்யறேன்." பிரஷ்ஷை எடுத்துவிட்டுக் கன்னத்தை உப்பினார். அப்படியே விசிலடிக்கப் பார்த்தார். வாயிலிருந்த நுரை மொத்தமும் கண்ணாடியில் போய் அப்பியது. என்னை மீறிக் குபீரென்று சிரித்துவிட்டேன்.

"ஏய், அசஞ்சுதுடி! எடது பக்கம் அசஞ்சுது!"

கண்ணாடியில் நுரைதான் தெரிந்தது. துடைப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. "பொய் சொல்லாதய்யா."

"உன் மேல சத்தியமாடி. இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்."

பதினாறு வருடத்தில் என் கண்ணால் பார்க்காத எதையும் நான் பாஸ் செய்ததில்லை. அன்று அவர் பார்த்ததை நம்பினேன். நம்பி, இன்னொரு தடவை சிரித்தேன்.

இப்போது புருவம் ஏறுகிறது, தண்ணீர் வழிவதில்லை. சிரித்தால் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. முன்பெல்லாம் எதற்கும் காத்திருக்கப் பொறுமை இல்லாதவள் நான். இப்போது அவர் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தபடி நிற்பார்.

"இன்னாய்யா பாக்கற? அதான் சிரிச்சிட்டேன்ல?"

"இருடி, இன்னும் பாதி வரணும்."