தீவுப் பசங்களுக்கு யார் பேசறது?

பத்மராணி அக்கா கோவப்பட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன். நியூ ஜெர்சில, பிஸ்கட்டவேங்கற ஊர்ல ஃபார்மசிஸ்ட் வேலை. ஞாயித்துக்கிழமை காலைல எங்க தமிழ் ஸ்கூல்ல டீச்சர். சாயங்காலம் வீட்டுலேர்ந்து செயின்ட் க்ராய் பசங்களுக்கு ஆன்லைன் க்ளாஸ். செயின்ட் க்ராய் எங்கேன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. கரீபியன் கடல்ல, அமெரிக்காவுக்குச் சொந்தமான தீவு. அங்க இருக்கறது நாலஞ்சு தமிழ் டாக்டர் குடும்பம். அந்தப் பசங்கள எங்க ஸ்கூலோட கிளைன்னு சேர்த்துவிட்டதே அக்காதான்.

போன வருஷம் எங்க ஸ்கூல், இந்த மாதிரித் தமிழ் ஸ்கூலுக்கெல்லாம் பரீட்சை நடத்தற கனடாவோட டொராண்டோ தலைமையகத்துலேர்ந்து விலகணும்னு கிளம்பிச்சு. பாடத்திட்டம் பிடிக்கலயாம். மாசக்கணக்கா ஜூம்ல பேச்சுவார்த்தை. ரெண்டு நாட்டுப் பிரதமருங்க தோத்தாங்க, அப்படி ஒரு தோரணை! கடைசில ஒப்பந்தம் வந்தது. விலகினாலும் நியூ ஜெர்சி பசங்க இந்த வருஷக் கடைசிப் பரீட்சையை டொராண்டோகிட்டயே எழுதலாம். அந்த சர்டிஃபிகேட் இருந்தாத்தான் ஹைஸ்கூல்ல மொழிப் பாடத்துக்கு க்ரெடிட்.

"அப்ப தீவுப் பிள்ளையள்?"னு அக்கா கேட்டாங்க.

"முதல்ல நம்மளுதை க்ளோஸ் பண்ணிடலாம் அக்கா. ஐலண்ட் மேட்டர் அப்புறம் பார்த்துக்கலாம்"னார் எங்க தலைவர் சாய்ராம்.

அங்க வெண்பான்னு ஒரு பொண்ணு. குட்டிப் பொண்ணா இருந்தப்போலேர்ந்து படிக்கறா, வர்ற மே மாசம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. இந்த ஒப்பந்தப்படி அவ இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. நட்டாத்துல விடறதுன்னா இதுதானே? எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ரூம்ல அத்தனை பேர் இருக்காங்க, எல்லார் வாயிலயும் கொழுக்கட்டை!

எங்க ஸ்கூல் கமிட்டில ஓட்டெடுப்பே கிடையாது. தலைவர் "ஏகமனதாக"ம்பார், கை தட்டுவோம், அப்புறம் சமோசா. அன்னிக்கும் தட்ட ஆரம்பிச்சாங்க. அக்கா எழுந்து நின்னுட்டாங்க.

"ஏகமனதில்லை எண்டு எழுதுங்கோ. என்ர பிள்ளையளை விட்டிட்டு நான் சம்மதிக்க மாட்டன்."

சமோசா ஆறிப்போச்சு. ஒருத்தர் மறுத்தாலும் தீர்மானம் செல்லாதுங்கறது எங்க விதி. சாய்ராம் முணுமுணுத்துக்கிட்டே திரும்ப டொராண்டோவைக் கூப்பிட்டார். அவங்க கொஞ்சம் இறங்கி வந்தாங்க, ஆனா ஒரு கண்டிஷன். தீவுப் பசங்களப் பார்த்துக்கற டீச்சர் டொராண்டோ உறுப்பினராவே இருக்கணும். அப்ப எங்க ஸ்கூல்ல இருக்க முடியாது.

"அந்த ரீச்சரா நான் இருக்கிறன்"னு அக்கா உடனே சொல்லிட்டாங்க. எத்தனை வருஷமா எடுத்த வகுப்பு! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கடைசி ஞாயித்துக்கிழமை வகுப்புச் சாவியைக் குடுக்க வந்தாங்க. சாய்ராம் குத்தலா கேக்கல, நிஜமாவே புரியாமத்தான் கேட்டார்.

"நாலு பசங்களுக்காகவா அக்கா, இவ்வளவும்?"

"தம்பி, நான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில, நெடுந்தீவில பிறந்தனான். எங்களைப் பற்றி எத்தினை நாட்டில, எத்தினை மேசையில கதைச்சவை. எங்கட ஆக்கள் ஒருத்தரும் அதில இருக்கேல்லை. இந்த மேசையில நான் இருந்தனான். வாயை மூடிக்கொண்டு இருந்தா, வெண்பாவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"